பூமாவை மரமேற்றும் நாய்கள்: மோப்ப நாய் வேட்டை ஓர் அறிமுகம்

பெரும்பூனை ஒன்றை நாய்களைக் கொண்டு வேட்டையாடுகிறார்கள் என்று கேட்டவுடன், நாய்க்கூட்டம் அந்த விலங்கைச் சூழ்ந்து கடித்துக் கொல்வதாகவே பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அப்படி நடப்பது அரிது. நேருக்கு நேர் மோத நேர்ந்தால் பெரும்பாலும் அடிபடுவது நாய்தான். இந்த வேட்டை முறையில் விலங்கின் தடத்தைக் கண்டுபிடிப்பதும், அதைத் துரத்தி மரத்திலோ பாறை விளிம்பிலோ ஏற வைப்பதும், மனிதர் வந்து சேரும்வரை அதை இறங்கவிடாமல் கீழே நின்று குரைத்துக்கொண்டிருப்பதுமே நாய்களின் வேலை. அதற்கு மேல் என்ன நடக்க வேண்டும் என்பதை மரத்தடிக்கு வந்து சேரும் மனிதர் தீர்மானிக்கிறார். அவர் கையில் துப்பாக்கி இருக்கலாம், கேமரா இருக்கலாம், மயக்க ஊசி செலுத்தும் துப்பாக்கியும் இருக்கலாம். இந்த வேட்டையைப் பற்றிய சண்டைகள் எல்லாம் கடைசியில் அந்த மரத்தடியில்தான் வந்து நிற்கின்றன என்பதால், அங்கே போய்ச் சேரும் வழியை முதலில் புரிந்துகொள்வது நல்லது.

தென்னமெரிக்காவில் ஜாகுவாரையும் ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் சிறுத்தையையும் நாய்களைக் கொண்டு வேட்டையாடியிருக்கிறார்கள். ஆனால் இந்த முறை நன்கு வேரூன்றி, தனக்கென்று சட்டங்களும் நாயினங்களும் பேச்சுமொழியும் கொண்டு இன்றும் நடைபெறுவது வட அமெரிக்காவின் மேற்கு மலைப்பகுதிகளில்தான். அங்கே வேட்டையாடப்படுவது பூமா. மலைச்சிங்கம் என்றும் கூகர் என்றும் அதைச் சொல்வார்கள். புளோரிடாவில் வாழும் அதே இனத்துக்குப் பாந்தர் என்று பெயர். கனடாவின் வடமேற்கிலிருந்து சிலியின் தென்கோடிவரை பரவியிருக்கும் இந்த விலங்கு சிங்கம், புலி, சிறுத்தை ஆகியவற்றின் நெருங்கிய குடும்பத்தில் சேராது. அவற்றைப்போலக் கர்ச்சிக்கவும் செய்யாது. உருவத்தில் மட்டும் அது பெரும்பூனைதான். நன்கு வளர்ந்த ஆண் 60, 70 கிலோ எடை இருக்கும். சில அதற்கும் மேலே போகும்.

இவ்வளவு பெரிய விலங்கு, தன் எடையில் பாதிகூட இல்லாத நாய்களுக்கு அஞ்சி ஏன் மரமேற வேண்டும்? இதற்கு விடை அதன் உடலமைப்பிலும் வாழ்க்கை முறையிலும் இருக்கிறது. பூமா பதுங்கிப் பாயும் வேட்டை விலங்கு. மறைவிலிருந்து சில நொடிகளில் மானின் மீது விழுந்து கழுத்தைக் கவ்வுவதற்கு ஏற்றவாறு அதன் பின்னங்கால்கள் வலுத்திருக்கின்றன. நெடுந்தூரம் ஓடுவதற்கான மூச்சு அதற்கு இல்லை. நாய் அதற்கு நேர்மாறு. வேகம் குறைவானாலும் மணிக்கணக்கில் ஓடக்கூடிய விலங்கு அது. கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் மலைகளில் பூமாக்களுக்கும் அவற்றைத் துரத்திய நாய்களுக்கும் அசைவைப் பதிவுசெய்யும் கழுத்துப்பட்டைகளை அணிவித்து ஆராய்ந்த அறிவியலாளர்கள், துரத்தப்படும் பூமா ஒரு நிமிடத்தில் செலவிடும் ஆற்றல், அது வழக்கமாக இரை தேடித் திரியும்போது செலவிடுவதைவிடப் பல மடங்கு அதிகம் என்று 2017-இல் வெளியிட்டார்கள். அந்தப் பூமாக்கள் நேராக ஓடவில்லை. செங்குத்தான சரிவுகளைத் தேர்ந்தெடுத்தன, சட்டென்று திரும்பின, தம் தடத்தின் மேலேயே எட்டு வடிவில் சுற்றி வந்து நாய்களைக் குழப்பப் பார்த்தன. மூச்சு தீரும் நேரத்தில் மரமேறிவிட்டன.

இன்னொரு காரணமும் உண்டு. பூமா தனியே வாழ்ந்து தனியே இரை தேடும் விலங்கு. ஒரு நாயை அது ஓரடியில் கொன்றுவிடலாம். ஆனால் அந்தச் சண்டையில் ஒரு காலோ கோரைப்பல்லோ சேதமானால், அது குணமாகும்வரை இரை கொண்டுவந்து தர அதற்கு யாரும் இல்லை. ஓநாய்க்கூட்டங்கள் திரியும் நிலத்தில் நெடுங்காலம் வாழ்ந்த இனத்துக்கு, குரைத்துக்கொண்டு கூட்டமாக வரும் நாலுகால் விலங்குகளைக் கண்டால் மேலே ஏறிவிடுவதே பிழைக்கும் வழியாக இருந்தது. ஓநாய்களிடமிருந்து அதைக் காப்பாற்றிய அந்தப் பழக்கமே மனிதரின் துப்பாக்கிக்கு முன்னால் அதை அசையாமல் உட்கார வைக்கிறது.

இனி நாய்கள். நம் ஊரில் வேட்டை நாய் என்றதும் நினைவுக்கு வரும் சிப்பிப்பாறை, கன்னி நாய்கள் கண்ணால் பார்த்து ஓடுபவை. வெட்டவெளியில் முயலைக் கண்டால் வேகத்தாலேயே அதை எட்டிப் பிடிக்கும் ஒல்லியான, நீண்ட கால்களுடைய இனங்கள் அவை. பூமா வேட்டைக்கு இவை உதவா. அங்கே இரை கண்ணில் படுவதே இல்லை. அது பல மணி நேரத்துக்கு முன் நடந்து போன தடம் மட்டுமே கிடைக்கும். ஆகவே மூக்கை நம்பி ஓடும் மோப்ப நாய்களே தேவை. டிரீயிங் வாக்கர், புளூடிக், பிளாக் அண்ட் டான், ரெட்போன், பிளாட் ஆகியவை இதற்குப் பெயர்பெற்ற அமெரிக்க இனங்கள். இவற்றில் பல, இரவில் ரக்கூன் என்னும் சிறு விலங்கை மரமேற்றிப் பிடிப்பதற்காக வளர்க்கப்பட்ட நாய்களின் வழிவந்தவை. பிளாட் இனத்தின் மூதாதையர் 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியக் குடியேறிகளோடு வந்தவை. வட கரோலினா மாநிலம் 1989-இல் அதைத் தன் மாநில நாயாக அறிவித்தது.

ஒரு விலங்கு நடந்து போகும்போது அதன் தோலிலிருந்தும் பாதங்களிலிருந்தும் உதிரும் நுண்துகள்கள் மண்ணிலும் புல்லிலும் ஒட்டிக்கொள்கின்றன. ஈரமும் குளிர்ச்சியும் இருந்தால் அந்த வாசனை நீடிக்கும். வெயிலும் காற்றும் வறண்ட பாறையும் அதை விரைவில் கலைத்துவிடும். எல்லா மோப்ப நாய்களும் ஒரே திறன் உடையவை அல்ல. சில, விலங்கு சற்று முன் போன புதிய தடத்தில்தான் துடிப்பாக ஓடும். வேறு சில, இரவு முழுவதும் ஆறிப்போன தடத்தையும் மெல்ல மெல்லப் பிரித்தெடுத்து முன்னேறும். ஆறிய தடத்தைத் தொடங்கி வைக்கும் அனுபவமுள்ள நாய் ஒன்று, வேகமாக ஓடும் நாய்கள் இரண்டு மூன்று, மரத்தடியை விட்டு எதற்கும் நகராத பிடிவாதக்கார நாய் ஒன்று என்று கலந்து அமைந்த கூட்டமே நல்ல கூட்டம். அமெரிக்க மாநிலமான கொலராடோவில் ஒரு கூட்டத்தில் எட்டு நாய்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது.

பயிற்சியில் எது கடினம் என்று பார்த்தால், மோப்பம் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது அன்று. அது பிறவியிலேயே வந்துவிடும். எதை மோப்பம் பிடிக்கக் கூடாது என்று கற்றுக்கொடுப்பதில்தான் ஆண்டுகள் போகின்றன. பூமா இருக்கும் காட்டில் மான் கண்டிப்பாக இருக்கும், மான் தடம் பூமாத் தடத்தைவிட நூறு மடங்கு மலிவாகக் கிடைக்கும், ஓடும் மானைப் போல நாயின் மனத்தைக் கெடுப்பது வேறொன்றும் இல்லை. மானைத் துரத்தும் நாய் அன்றைய வேட்டையைக் கெடுப்பதோடு, பல மாநிலங்களில் தன் உரிமையாளரைச் சட்டச் சிக்கலிலும் மாட்டிவிடும். எனவே குட்டிகளைத் தேர்ந்த மூத்த நாய்களோடு ஓடவிட்டுப் பழக்குகிறார்கள். தவறான தடத்தில் போனால் கழுத்துப்பட்டை வழியே சிறு மின்னதிர்ச்சி கொடுத்துத் திருப்புகிறார்கள். அந்த மின்னதிர்ச்சிப் பட்டையைப் பற்றி நாய் பிரியர்களிடையே தனி விவாதமே நடக்கிறது.

வேட்டை நாள் பெரும்பாலும் பனி பெய்து ஓய்ந்த இரவுக்கு அடுத்த விடியலுக்கு முன்பே தொடங்கும். புதிய பனி பழைய தடங்களையெல்லாம் மூடிவிடுவதால், அதன் மேல் தெரியும் எந்தத் தடமும் அந்த இரவில் பதிந்ததாகவே இருக்க வேண்டும். வேட்டைக்காரர் நாய்களை வண்டியின் பின்புறப் பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு, மலைப்பாதைகளில் மெதுவாக ஓட்டிச் சென்று, பாதையைக் குறுக்கே கடந்த தடத்தைத் தேடுவார். தடம் கிடைத்ததும் இறங்கி அளந்து பார்ப்பார். உள்ளங்காலின் அகலமும் காலடிகளுக்கு இடையே உள்ள தூரமும் அது ஆணா பெண்ணா என்பதை ஓரளவு சொல்லிவிடும். பக்கத்தில் சிறிய தடங்கள் இருந்தால் தாய் குட்டிகளோடு போகிறது என்று பொருள். தேர்ந்தவர்கள் இந்த இடத்திலேயே வேண்டாம் என்று விட்டுவிடுவதும் உண்டு. அரிசோனா, நியூ மெக்சிகோ போன்ற வறண்ட நிலங்களில் பனியின் உதவி கிடையாது. அங்கே கோவேறு கழுதை மேல் ஏறி, நாய்களை முன்னே விட்டு, கண்ணுக்குத் தெரியாத தடத்தை அவற்றின் மூக்கு ஒன்றையே நம்பித் தொடர வேண்டும். அந்த வட்டாரத்துக்காரர்கள் பனி வேட்டையைச் சற்று இளப்பமாகவே பேசுவார்கள். அதில் நியாயமும் இருக்கிறது.

நாய்களை அவிழ்த்துவிட்ட பிறகு மனிதருக்குச் செய்தி காது வழியாக வருகிறது. ஆறிய தடத்தில் நாய் அங்கொன்றும் இங்கொன்றுமாக நீட்டி இழுத்துக் குரல் கொடுக்கும். தடம் புதிதாக ஆக, குரல் நெருங்கி விரைவுபடும். விலங்கு எழுந்து ஓடத் தொடங்கியதும் கூட்டம் முழுவதும் ஒரே இரைச்சலாகிவிடும். மரத்தடியில் அந்தக் குரல் இடம் மாறாமல், நறுக்கு நறுக்கென்று தாளம்போல் விழத் தொடங்கும். தன் நாய்கள் ஒவ்வொன்றின் குரலையும் அடையாளம் தெரிந்த வேட்டைக்காரர், இரண்டு மலை தள்ளி நின்றுகொண்டே அங்கே நடப்பதைச் சொல்லிவிடுவார். இன்று அந்தக் கேட்கும் கலைக்கு ஜி.பி.எஸ். கழுத்துப்பட்டை போட்டியாக வந்திருக்கிறது. கையடக்கத் திரையில் ஒவ்வொரு நாயும் ஒரு புள்ளியாக நகரும். மரத்தடியில் நின்றுவிட்டால் அதற்கென ஒரு குறியே தோன்றும். காணாமல்போகும் நாய்களின் எண்ணிக்கை இதனால் குறைந்தது என்பது பெரிய நன்மை. வண்டியிலேயே உட்கார்ந்திருந்து, புள்ளி நின்ற பிறகு நடந்தால் போதும் என்ற நிலைமையும் இதனாலேயே வந்தது. பழைய தலைமுறையினருக்கு இது பிடிப்பதில்லை.

எல்லாத் துரத்தலும் மரத்தில் முடியும் என்று எண்ணிவிடக் கூடாது. பூமா பாறை இடுக்கில் முதுகைக் கொடுத்துத் திரும்பி நின்றுவிட்டால், நெருங்கும் நாய்கள் கிழிபடும்; செங்குத்துப் பாறைகளிலிருந்து விழுந்து இறக்கும் நாய்களும் உண்டு. 1995, 1996 ஆண்டுகளில் யெல்லோஸ்டோன் பூங்காவிலும் ஐடஹோவின் நடுப்பகுதியிலும் ஓநாய்கள் மீண்டும் கொண்டுவந்து விடப்பட்டுப் பெருகிய பிறகு, வேட்டையின் நடுவே ஓநாய்க்கூட்டத்திடம் சிக்கி உயிரிழக்கும் நாய்களும் அந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டன.

மரத்தடிக்கு வருவோம். பூமா சில மீட்டர் உயரத்தில் கிளையில் படுத்திருக்கிறது. கீழே நாய்கள் குதித்துக்கொண்டிருக்கின்றன. வேட்டைக்காரருக்கு இப்போது அவசரம் இல்லை. தொலைநோக்கியால் பார்த்து ஆணா பெண்ணா, இளையதா முதிர்ந்ததா, பால் கொடுக்கும் தாயா என்று முடிவு செய்ய அவருக்கு நேரம் இருக்கிறது. சுடுவதாக இருந்தால், முதலில் நாய்களைப் பிடித்துத் தள்ளிக் கட்டிவிடுவார்; காயம்பட்டு விழும் பூமா நாய்களிடையே விழுந்தால் இரு தரப்புக்கும் ஆபத்து. சுடாமல் விடுவதும் சாதாரணமாக நடப்பதே. துரத்திப் பார்ப்பதற்கு மட்டும் அனுமதி தரும் பருவங்களை யூட்டா, மொன்டானா போன்ற மாநிலங்கள் நடத்தி வந்திருக்கின்றன. நாய் வேட்டையில் ஊறியவர்களிடம் பேசினால், அவர்களில் பலருக்குச் சுடுவதில் இருக்கும் ஆர்வத்தைவிடத் தம் நாய்கள் வேலை செய்வதைப் பார்ப்பதில் இருக்கும் ஆர்வமே மிகுதி என்பது தெரியும்.

முன்பு இப்படித் தேர்ந்தெடுக்கும் நிதானத்துக்கு இடமே இருக்கவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதிவரை பூமா, கால்நடையையும் மானையும் தின்னும் பீடை விலங்காகவே கருதப்பட்டது. கலிபோர்னியா 1907 முதல் 1963 வரை, கொல்லப்பட்ட ஒவ்வொரு பூமாவுக்கும் சன்மானம் கொடுத்தது. அந்தக் காலத்தில் 12,000-க்கும் மேற்பட்டவை கணக்கில் வந்தன. பென் லில்லி போன்றவர்கள் நாய்க்கூட்டத்தோடு தென்மேற்கு மலைகளில் சுற்றி, கரடியையும் பூமாவையும் கொல்வதையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டிருந்தார்கள். தியோடர் ரூஸ்வெல்ட் 1901-இன் தொடக்கத்தில், அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராகப் பதவியேற்பதற்குச் சில வாரங்கள் முன்பு, கொலராடோவின் மீக்கர் ஊர்ப்பக்கம் ஜான் காஃப் என்ற வழிகாட்டியின் நாய்களோடு பூமா வேட்டையாடினார். அவர் ஒவ்வொரு விலங்கையும் எடைபோட்டு, அளந்து, மண்டையோடுகளை அறிவியலாளர்களுக்கு அனுப்பி வைத்தார் என்பதால், பூமாவின் உடலளவு பற்றிய தொடக்ககாலத் தரவுகளில் அந்த வேட்டைக்கும் பங்கு உண்டு.

மரத்தடியில் துப்பாக்கியை மாற்றி வேறொன்றை எடுத்தபோதுதான் பூமாவைப் பற்றிய உண்மையான அறிவு வளர்ந்தது. மாரிஸ் ஹார்னாக்கர் என்ற ஆய்வாளர், 1964-இல் ஐடஹோவின் சாலைகளற்ற மலைக்காட்டில், வில்பர் வைல்ஸ் என்ற அனுபவமிக்க நாய் வேட்டைக்காரரைத் துணையாகக் கொண்டு தம் களப்பணியைத் தொடங்கினார். குளிர்காலம் தோறும் பனியில் நடந்து, நாய்களைக் கொண்டு பூமாவை மரமேற்றி, மயக்க ஊசி செலுத்தி, மரத்தில் ஏறிக் கயிறு கட்டி இறக்கி, அடையாளமிட்டு விடுவித்தார்கள். அதே விலங்குகளைப் பின்னர் மீண்டும் மீண்டும் பிடித்தார்கள். முதிர்ந்த பூமாக்கள் தமக்கென இடம் பிரித்துக்கொண்டு ஒன்றையொன்று தவிர்த்து வாழ்கின்றன என்பதும், அந்தப் பகுதியின் மான்களையும் எல்க் என்ற பெரிய மான் இனத்தையும் அவை தின்று தீர்த்துவிடவில்லை என்பதும் இந்த வேலையால் தெரியவந்தன. மேற்கு மாநிலங்கள் பலவும் ஏறத்தாழ இக்காலத்தில்தான் சன்மானத்தை நிறுத்தி, பூமாவைப் பருவமும் வரம்பும் உள்ள வேட்டை விலங்காக மறுவகைப்படுத்தின. கொலராடோ 1965-இல் அவ்வாறு செய்தது.

புளோரிடாவின் கதை இதைவிடக் கூர்மையானது. அங்கே பாந்தர் எஞ்சியிருக்கிறதா என்பதே ஐயமாக இருந்த 1973-இல், உலக வனவிலங்கு நிதியம் ராய் மெக்பிரைட் என்ற டெக்சாஸ் வேட்டைக்காரரை அழைத்தது. கால்நடை வளர்ப்போருக்காகப் பூமாக்களைப் பிடித்துக் கொடுத்தே பெயர்பெற்ற அவர், தம் நாய்களோடு வந்து, ஃபிஷ்ஈட்டிங் ஓடையின் பக்கம் வயது முதிர்ந்த ஒரு பெண் பாந்தரை மரமேற்றிக் காட்டினார். பின்னர் பாந்தர்களுக்குக் கண்காணிப்புக் கழுத்துப்பட்டை அணிவிக்கும் பணிகளும் மோப்ப நாய்களின் துணையோடுதான் நடந்தன. 1990-களில் எஞ்சியிருந்தவை 20, 30 மட்டுமே. நெருங்கிய உறவுகளுக்குள்ளேயே இனம் பெருகியதால் வளைந்த வாலும் இதயக் குறைபாடும் கொண்ட குட்டிகள் பிறந்தன. 1995-இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைப் பிடித்து வந்து அங்கே விட்டார்கள். பிடித்துக் கொடுத்தவரும் மெக்பிரைடே. இன்று புளோரிடாவில் முதிர்ந்த பாந்தர்கள் 120 முதல் 230 வரை இருப்பதாக மதிப்பிடப்படுகிறது.

1996 மார்ச்சில், அரிசோனா, நியூ மெக்சிகோ எல்லையில் உள்ள பெலன்சியோ மலைகளில் பூமா வேட்டைக்கு வழிகாட்டிச் சென்ற பண்ணையாளர் வார்னர் கிளென், தம் நாய்கள் பாறை மேல் மறித்து வைத்திருந்த விலங்கு ஜாகுவார் என்பதைக் கண்டார். அமெரிக்க மண்ணில் அந்த விலங்கு அநேகமாக மறைந்துவிட்டது என்று கருதப்பட்ட காலம் அது. அவர் படமெடுத்துக்கொண்டு, நாய்களை விலக்கி, அதைப் போகவிட்டார். சில மாதங்களில் ஜாக் சைல்ட்ஸ் என்ற இன்னொரு பூமா வேட்டைக்காரருக்கும் வேறொரு மலையில் இதே அனுபவம் நேர்ந்தது. அவர் பிறகு எல்லைப்பகுதியில் தானியங்கிக் கேமராக்களை வைத்து ஜாகுவார்களைக் கண்காணிக்கும் திட்டமொன்றைத் தொடங்கினார். 1997-இல் அமெரிக்காவுக்குள்ளும் ஜாகுவாருக்கு அழிவாபத்து இனம் என்ற சட்டப் பாதுகாப்பு கிடைத்தது.

இத்தனைக்கும் பிறகும் இந்த வேட்டையை எதிர்ப்பவர்களின் வாதம் வலுவானது. ஏறிய மரத்தில் தப்ப வழியின்றி இருக்கும் விலங்கைக் கீழே நின்று சுடுவதில் என்ன வேட்டைத்திறன் இருக்கிறது என்று அவர்கள் கேட்கிறார்கள். இதற்கு ஆதரவாளர்கள், நாய்கள் இருப்பதால்தான் பார்த்துத் தேர்ந்து சுட முடிகிறது, தாய் விலங்குகள் தப்புகின்றன என்று பதில் தருகிறார்கள். ஓரிகன் 1994-இலும் வாஷிங்டன் 1996-இலும் மக்கள் வாக்கெடுப்பால் நாய்களைத் தடை செய்தபோது இந்தப் பதிலுக்கு ஒரு சோதனை நடந்தது. நாய்கள் இல்லாததை ஈடுகட்டுவதற்காக இரு மாநிலங்களும் வேட்டைப் பருவத்தை நீட்டி, உரிமக் கட்டணத்தைக் குறைத்தன. மான் வேட்டைக்கு வந்த இடத்தில் தற்செயலாகப் பூமாவைக் கண்டவர்கள், நின்று பார்க்க நேரமின்றிச் சுட்டார்கள். வாஷிங்டனில் கொல்லப்பட்டவற்றில் பெண் விலங்குகளின் பங்கு உயர்ந்தது.

ஆனால் தேர்ந்தெடுக்கும் வாதத்திலும் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. குட்டிகள் ஓராண்டுக்கு மேல் தாயைச் சார்ந்திருந்தாலும், சிறு குட்டிகளைத் தாய் மறைவிடத்தில் விட்டுவிட்டுத்தான் இரை தேடப் போகும். மரத்தில் தனியே இருக்கும் பெண் பூமாவைப் பார்த்து அதற்குக் குட்டி இல்லை என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. இரண்டாவதாக, பெரிய ஆணைத் தேர்ந்து சுடுவதும் தீங்கற்றது அன்று. இடத்தைக் காத்துவந்த முதிர்ந்த ஆண் போனால், வெளியிலிருந்து இளம் ஆண்கள் அந்த இடத்துக்கு வரும். அவை முந்தைய ஆணின் குட்டிகளைக் கொல்வதும், மனிதக் குடியிருப்புகளை ஒட்டித் திரிவதும் உண்டு என்று வாஷிங்டனில் நடந்த ஆய்வுகள் காட்டின. எந்த அளவு வேட்டையில் இந்த விளைவு தொடங்குகிறது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. என் மதிப்பில், தேர்ந்து சுடும் வாதம், எத்தனை சுடலாம் என்ற வரம்பு கடுமையாக இருக்கும் இடத்தில் மட்டுமே பொருளுள்ளது.

சட்டநிலை இன்று மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. கலிபோர்னியாவில் 1990 முதல் பூமா வேட்டைக்கு நிரந்தரத் தடை இருக்கிறது. யூட்டா 2023-இல் சாதாரண வேட்டை உரிமம் உள்ள எவரும் ஆண்டு முழுவதும் பூமா வேட்டையாடலாம் என்று தளர்த்தியது. கொலராடோவில் பூமா வேட்டையாடத் தனித் தேர்வில் தேறிச் சான்று பெற்றிருக்க வேண்டும், குட்டிகளோடு இருக்கும் தாயைக் கொல்லக் கூடாது. அந்த வேட்டையை முற்றாகத் தடை செய்யக் கோரிய முன்மொழிவு 2024 நவம்பர் வாக்கெடுப்பில் தோற்றது. நாய்களைத் தடை செய்த ஓரிகனும் வாஷிங்டனும்கூட, ஊருக்குள் வந்து தொல்லை தரும் பூமாவைப் பிடிக்க வேண்டியிருந்தால் நாய்களையே அழைக்கின்றன. அதற்குச் சட்டத்தில் விலக்கு வைத்திருக்கிறார்கள். மொன்டானாவிலோ, ஒரு வட்டாரத்தில் எத்தனை பூமாக்கள் உள்ளன என்று மதிப்பிடுவதற்காக, நாய்கள் மரமேற்றிய விலங்கின் மேல் சிறு தசைத்துணுக்கை மட்டும் கொத்தியெடுக்கும் ஊசியை எய்து, அதிலிருந்து மரபணுவைப் பிரித்து, ஒரே விலங்கு இருமுறை எண்ணப்படாதவாறு கணக்கிடுகிறார்கள். வேட்டைக்கு எத்தனை அனுமதிக்கலாம் என்பதை முடிவு செய்ய அந்தக் கணக்கு உதவுகிறது.